நார்மல் ஏழு

பேராசிரியர் அர்மான் ஒஹாயோன் எந்த ஊருக்குப் பேசப் போனாலும் மூன்றாவது படமாக அதைப் போட்டுவிடுவார். கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் கிளைவிட்டுப் பரந்த நரம்புச் செல்கள். கூட்டத்தை ஒரு நிமிடம் பார்க்கவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது நார்மல் ஏழு. இந்தக் கண்டத்துலயே ரொம்ப ஆரோக்கியமான மூளைச் செல்லு. யாரோடதுன்னு சொல்லக் கூடாது, நெறிமுறைக் குழு கோவிச்சுக்கும்," என்பார். சொல்லிவிட்டுத் தன் டையைச் சரிசெய்துகொள்வார். கூட்டம் சிரிக்கும். பாதிப் பேருக்கு அந்த நகைச்சுவை பழசு. ஆனாலும் சிரிப்பார்கள், அவர்களுடைய கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடுகிற இடத்தில் அவர் இருந்தார்.

அந்தச் செல்களுக்குப் பதினாறு வருடமாகச் சாப்பாடு போட்டு வருபவள் ஒடெத் பூலியான். மொன்றியாலில் முழங்கால் அளவு பனி விழுந்த நாளிலும், மெட்ரோ நின்றுபோன நாளிலும், சொந்த மகளுக்குக் கல்யாணம் நடந்த அன்று காலையிலும் வந்து, கிண்ணங்களில் இருந்த பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதிய திரவத்தை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள். பதவி டெக்னீஷியன், இருபத்திரண்டு வருடமாக. கட்டுரைகளில் அவள் பெயர் கடைசிப் பத்தியில், குளிர்பெட்டி கொடுத்த நிறுவனத்துக்கு அடுத்தபடியாக வரும்.

நார்மல் ஏழு பிறந்தது 2009 டிசம்பரில். பார்க்கின்சன் நோயாளியின் தோலில் ஒரு துணுக்கை எடுத்து, அதைக் குழந்தைச் செல்லாகத் திருப்பி, பிறகு மூளைச் செல்லாக வளர்க்கிற வித்தை அப்போதுதான் வந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆளின் செல்லும் வேண்டுமே. ஆரோக்கியமான ஆளுக்கு எங்கே போவது? இந்த மாதிரி ஆய்வுக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு: யார் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்களோ அவர்கள்தான் ஆரோக்கியமானவர்கள். மாணவர்கள் ஆறு பேர் தோல் கொடுத்தார்கள். ஒன்றில் பூஞ்சை பிடித்தது. மற்றவை வளராமலோ வளர்ந்தோ செத்தன. கிறிஸ்துமஸ் விருந்தன்று பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டு, "நம்ம தோல எடுங்கப்பா. இது மெக்னெஸ் சரக்கு, லேசுல சாகாது," என்றார். மெக்னெஸ், அவருடைய அம்மா பிறந்த மொரோக்கோ ஊர்.

சொன்னபடியே அது சாகவில்லை. களைபோல வளர்ந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உறையவைத்துத் தபாலில் அனுப்பினார்கள். நாற்பது கூடங்களில் ஆரோக்கியம் என்றால் அர்மான் ஒஹாயோனின் இடது முழங்கைதான் என்று ஆகிவிட்டது.

அவருடைய பெயருக்கும் புகழுக்கும் அந்த முழங்கையே காரணம். விஷயம் இதுதான். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் குட்டிக் குட்டி மின்நிலையங்கள் உண்டு. அவை பழுதானால் செல் அவற்றை அள்ளிக் கொண்டுபோய்க் கரைத்துவிட வேண்டும். டொரோன்டோவில் இங்க்ரித் ஹால்வர்சன் என்ற பேராசிரியை இருபது வருடமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்: இந்தக் குப்பை அள்ளும் வேலை கெடுவதால்தான் பார்க்கின்சன் வருகிறது. லார்க்-2 என்று ஒரு மரபணு. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால், அதிலிருந்து வரும் புரதம் ரப்பர் ஸ்டாம்பு கையில் கிடைத்த குமாஸ்தாவைப்போல ஆகிவிடும். கண்ணில் பட்டதற்கெல்லாம் முத்திரை குத்தும். குப்பை வண்டிகள் நடுவழியில் நின்றுபோகும். அழுக்கும் பிசுபிசுப்பான புரதமும் கட்டிகட்டியாகச் சேர்ந்து, உடம்பின் அசைவைப் பார்த்துக்கொள்ளும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

ஒஹாயோன் அந்த எழுத்து மாறிய நோயாளிகளின் செல்லையும் நார்மல் ஏழையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குப்பையை எண்ணினார். இரண்டிலும் ஒரே அளவு. "நம்ம ஊர்ல பனி கெடக்காத தெரு எது? எல்லாத் தெருவுலயும்தான் கெடக்கு. அதுக்காக எல்லாருமா வழுக்கி விழறாங்க?" என்று மேடையில் கேட்டார். ஹால்வர்சனின் மூக்கு உடைந்தது. சொந்தமாக ஆரோக்கியச் செல் வைத்திருந்த சிலர், எங்களுக்கு வித்தியாசம் தெரிகிறதே என்று முனகினார்கள். "உங்க நார்மல் அநியாயத்துக்குச் சுத்தமா இருக்கு. இயற்கையில அப்படி இருக்காது," என்று அவர்களுக்குப் பதில் எழுதினார். நார்மல் ஏழைத் தபாலில் வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒஹாயோன் சொன்ன கணக்கே வந்தது. வராமல் எங்கே போகும்?

இந்த ஜனவரியில்தான் வினை வந்தது. அவர் கூடத்தில் வேலை பார்க்கும் கெய்வான் என்ற இரானியப் பையன், பையன் என்ன, முப்பத்தாறு வயது, நாலு வருடம் உழைத்து எழுதிய கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தான். மூன்று பேர் பெயர் சொல்லாமல் மதிப்பிட்டார்கள். இரண்டு பேர் ஆகா என்றார்கள். மூன்றாவது ஆள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: நோயாளிச் செல்களின் மரபணுவை வாசித்திருக்கிறீர்கள், ஆரோக்கியமான செல்லின் மரபணுவை வாசித்தீர்களா?

பேராசிரியருக்குக் காது சிவந்துவிட்டது. "இது இங்க்ரித்தான். பேர் போடலன்னா எனக்குத் தெரியாதா? ஆரோக்கியமானவன எதுக்குய்யா வாசிக்கணும்? அவன்தான் ஆரோக்கியமா இருக்கானே."

"வாசிக்கலன்னு எழுதிடவா?" என்றான் கெய்வான்.

"அனுப்பித் தொலைங்க. அந்தம்மா வாய அடைப்போம்."

ஒடெத் நார்மல் ஏழிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குப்பியில் போட்டு, மரபணு வாசிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கெய்வான் அதைப் படித்துவிட்டு ஒடெத்தின் மேசைக்கு வந்து, உட்காராமல் நின்றான்.

"ஒடெத் ஜான்," என்றான். பிரியமானவர்களை அவன் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "கோவிச்சுக்கக் கூடாது. ட்யூபு மாறிப் போயிருக்குமோ?"

"இருவத்திரெண்டு வருஷத்துல நான் மாத்துனது ஒரே ஒண்ணு. அது புருஷன். ட்யூபு மாத்துனதில்ல. என்ன வந்திருக்கு?"

"லார்க்-2. அதே எடம். அதே எழுத்து."

ஆய்வுக்கூடத்தில் எது தப்பானாலும் முதலில் டெக்னீஷியன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கோபப்படாமல் புதிதாக ஒரு குப்பி அனுப்பினாள். அதே பதில். வேறு ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினாள். அதே பதில். கடைசியில் திரவ நைட்ரஜன் தொட்டியின் அடித்தட்டில், பதினாறு வருடத்துக்கு முன் அவளே பேனாவால் தேதி எழுதி உறையவைத்த அசல் தோல் துணுக்கை, கண்ணிமை உறையும் குளிரில் தேடி எடுத்து அனுப்பினாள். அதே எழுத்து.

கெய்வான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "அப்ப நோயாளியையும் நோயாளியையும் வெச்சுத்தான் இத்தன வருஷமா ஒப்பிட்டிருக்கோம். வித்தியாசம் இல்லன்னு பேப்பர் மேல பேப்பர் போட்டிருக்கோம். ஹால்வர்சன் சொன்னது சரி. என் பேப்பர் போச்சு."

"பேப்பர் கெடக்கட்டும். மனுஷன் என்ன ஆவுறது?"

"எந்த மனுஷன்?" என்று கேட்டான் அவன். கேட்டபிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அந்த எழுத்து மாறிய எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் கடைசிவரை ஒன்றும் ஆகாமலே இருந்துவிடுவார்கள். அப்படி எண்ணி ஒடெத் சமாதானம் ஆகியிருப்பாள், கண் இல்லாதிருந்தால். ஆனால் இரண்டு வருடமாகப் பேராசிரியர் நடக்கும்போது இடது கை ஆடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கோப்பு ஒன்றை இடுக்கிக்கொண்டு போவதுபோல விலாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பீரம் என்று மாணவர்கள் நினைத்தார்கள். வெள்ளைப் பலகையில் வரியைப் பெரிதாகத் தொடங்கிப் பொடியாக முடிப்பார். இடத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தார்கள். பொத்தான் போட நேரமாகிறது என்று வெள்ளைக் கோட்டையே விட்டுவிட்டார். பெரிய ஆள் ஆகிவிட்டார் என்று நினைத்தார்கள். அந்த மாடியில் பார்க்கின்சனில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பதினொரு பேர். அவர்கள் எல்லோரும் செல்லைத்தான் பார்ப்பார்கள். ஆளைப் பார்ப்பது தெருவுக்கு எதிர்ப்பக்கத்து மருத்துவமனைக்காரர்களின் வேலை.

விருந்துகளில் அவர் சொல்லும் ப்ரொஸ்பேர் மாமா கதையும் ஞாபகம் வந்தது. மெக்னெஸில் இருந்த தாய்மாமா, தேநீர்த் தட்டைத் தூக்கினால் கண்ணாடிக் குவளைகள் எல்லாம் தந்தியடிக்குமாம். அத்திப்பழச் சாராயம் குடித்துக் குடித்துக் கை அப்படி ஆகிவிட்டது என்று குடும்பமே முடிவு கட்டியிருந்தது. சாராயத்தை அவர் தொட்டதே இல்லை என்பதுதான் அந்தக் கதையின் சிரிப்பு. உலகத்துக்கே பார்க்கின்சன் மரபணுவைப் பாடம் எடுத்தவர், அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

எதிர்க்கட்டடத்தில் மருந்து இருக்கிறது. நோயை நிறுத்தாது, ஆனால் கையைக் காலை ஓரளவு தன் பேச்சைக் கேட்கவைக்கும். அதே எழுத்து மாறியவர்களுக்கென்று புதிய மருந்து ஒன்றையும் அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்திலேயே வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தெருவைத் தாண்டினால் போதும். அவரைத் தெருவைத் தாண்டவைக்க வேண்டும், ஒடெத்துக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நேரே போய்ச் சொல்ல முடியாது. தோல் கொடுத்தவரின் பெயர் ரகசியம். ஒடெத் விதிப்படி நெறிமுறைக் குழுவுக்கு எழுதினாள். ஒன்பது நாள் கழித்து, குழுவின் செயலாளர் மதாம் தெரோஷே பதில் அனுப்பினார்:

"2009-ஆம் ஆண்டு ஒப்புதல் படிவத்தைப் பார்வையிட்டோம். 'என் மரபணுவில் ஏதாவது தெரியவந்தால்' என்ற கேள்விக்குக் கொடையாளர் 'எனக்குத் தெரிவிக்க வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறார். அவருடைய விருப்பம் மதிக்கப்பட வேண்டும். ஆய்வின் நேர்மை கருதி, முதன்மை ஆய்வாளருக்கு மட்டும் முடிவைத் தெரிவிக்கலாம். முதன்மை ஆய்வாளர் கொடையாளரை அடையாளம் காண முயலமாட்டேன் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும்."

கொடையாளர், அர்மான் ஒஹாயோன். முதன்மை ஆய்வாளர், அர்மான் ஒஹாயோன். அந்தப் படிவத்தை எழுதியவரும் அவர்தான். இந்த மூன்று பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்க அந்தக் கடிதத்தில் வழி இல்லை.

மறுநாள் காலை ஒடெத்தும் கெய்வானும் அவர் அறைக்குப் போனார்கள். முடிவுகள் நாலையும் மேசையில் பரப்பினார்கள். அவர் படித்தார். ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி ஊளையிட்டுக்கொண்டு போயிற்று.

"எந்த மடையன் ட்யூப மாத்தினான்?"

"நாலு தடவ பாத்தாச்சு, அர்மான். அசல் தோலையும் பாத்தாச்சு."

அவர் இன்னொரு தடவை படித்தார். குழுவின் கடிதத்தையும் படித்தார். அதைப் படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து ஒடெத்துக்குப் பயம் வந்தது.

"அப்ப விஷயம் இதான்," என்றார். "நார்மல் ஏழு குடுத்த அந்த டோனருக்கு லார்க்-2 இருக்கு. பாவம். யாரோ. நாம கண்டுபிடிக்க முயற்சி பண்ணக் கூடாது." உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோட்டின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது.

அதன்பிறகு ஒரு வாரம் அந்தக் கூடத்தில் யாரோ ஒரு டோனர் குடியிருந்தார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் எழுந்து, "டோனரப் பத்தி யாரும் காரிடார்ல குசுகுசுன்னு பேசக் கூடாது. அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும்," என்றார். பதினொரு முனைவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருத்தருக்குக்கூட டோனர் யாரென்று தெரியாமலில்லை. எல்லோரும் வருடக்கணக்காக அந்த நகைச்சுவைக்குச் சிரித்தவர்கள்தானே.

ஒடெத் அவரைக் காப்பி இயந்திரத்தின் அருகே மடக்கினாள்.

"டோனர் ஒரு டாக்டரப் பாக்கணும், அர்மான்."

"டோனர்தான் தெரிய வேண்டாம்னு டிக் போட்டிருக்காரே. அவர் உரிமைல நாம தலையிட முடியுமா?"

"டோனருக்கு இடது கை ஆடல."

"டோனரோட கைய நீ எங்க பாத்த? அது விதிமீறல், ஒடெத். நான் புகார் குடுக்க வேண்டியிருக்கும்." சொல்லிக்கொண்டே கோப்பையை இடது கையில் வாங்கப் போனவர், மாற்றி வலது கையில் வாங்கினார்.

"அந்த டோனருக்கு என்னதான் பயமாம்?"

"நான் அந்த டோனரா இருந்தா," என்றார் மெதுவாக, "இங்க்ரித் சிரிக்கிறது என் காதுல விழும். அதான் முதல்ல விழும். மத்ததெல்லாம் அப்புறம்."

ஒடெத்துக்கு அவரை உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது. உள்ளே செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன, இந்த மனிதருக்கு டொரோன்டோ சிரிப்பு பெரிசாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு உத்தரவு வந்தது. நார்மல் ஏழு முழுவதையும், உறைந்ததும் வளர்வதும், ப்ளீச் ஊற்றி அழித்துவிட வேண்டும். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், காரணம் தொழில்நுட்பக் கோளாறு. கோளாறு என்ற சொல்லுக்குள் ஒடெத்தும் அடக்கம் என்று அவளுக்குப் புரிந்தது. அதுகூடப் பெரிதாகப் படவில்லை. தடயத்தை ஊற்றிக் கழுவிவிட்டால் அந்த மனிதர் இந்த ஜன்மத்தில் தெருவைத் தாண்டப் போவதில்லை.

அவள் அவர் அறைக்குப் போனாள். "அழிக்க முடியாது."

"ஏன்?"

"விதி பதினாலு. மொத்தமா அழிக்கறதுன்னா டோனர் கையெழுத்து வேணும். நீங்க எழுதின விதிதான். டோனர்கிட்ட வாங்கிக் குடுங்க, இன்னைக்கே ஊத்திடறேன்."

அவர் அவளை முறைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒடெத் திருப்பி முறைத்தாள். கடைசியில் அவர் இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, டோனரின் இடத்தில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். "போட்டுட்டார்," என்றார்.

ஒடெத் அதைக் குழுவுக்கு அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை மதாம் தெரோஷேயின் பதில் வந்தது. அந்த அம்மாள் தன் வாழ்நாளில் எந்தக் காகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டதில்லை. வேறு எதற்குப் பயன்பட்டாரோ, அன்றைக்கு அது பயன்பட்டது.

"அழிப்பு அனுமதி நிராகரிக்கப்படுகிறது. 2009 படிவத்திலுள்ள கையெழுத்தும் இப்போது வந்துள்ள கையெழுத்தும் ஒரே நபருடையவையாகத் தெரியவில்லை. இரண்டையும் அருகருகே இணைத்துள்ளோம். உண்மையான கொடையாளரின் கையெழுத்தைப் பெற்று அனுப்பவும். வேறொருவர் கொடையாளரின் பெயரில் கையெழுத்திட்டிருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது."

ஒடெத் அந்தத் தாளை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

இடதுபக்கம் பதினாறு வருடத்துக்கு முந்தைய ஒஹாயோன். பெரிய ஓ, கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் கால் நீட்டிய எழுத்துகள், கடைசியில் விருந்தில் இரண்டு கோப்பை குடித்தவனின் வால் சுழி. வலதுபக்கம் போன வெள்ளிக்கிழமை ஒஹாயோன். எறும்பு வரிசை. வரிசையும் போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து வெறும் புள்ளியாக நின்றிருந்தது.

அவர் நெடுநேரம் பார்த்தார். இந்த மாதிரிக் கையெழுத்தை அவர் பார்க்கின்சன் புத்தகங்களில் பார்த்திருக்கிறார். மாணவர்களுக்குப் படமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதற்கொரு பெயர் உண்டு, தேர்வில் கேட்கும் பெயர்.

"நான்தான் போட்டேன்," என்றார்.

"தெரியும்."

"வேற ஆள்னு சொல்றாங்க."

"ஆமா."

"எனக்கு எழுதறப்ப சின்னதாத் தெரியல, ஒடெத். நான் எப்பவும் போலத்தான் எழுதினேன்." அவள் முகத்தைப் பார்க்காமல் இழுப்பறையைத் திறந்து 2009 படிவத்தின் நகலை எடுத்தார். "இதுல டிக்க மாத்தணும்னா யாருக்கு எழுதணும்?"

"டோனர் முதன்மை ஆய்வாளருக்கு எழுதணும். ஆய்வாளர் சம்மதிக்கணும். ஒரு சாட்சி."

"டோனர் எழுதறார். ஆய்வாளர் சம்மதிக்கறார்." அவர் 'வேண்டாம்' என்றிருந்த கட்டத்தை அடித்தார். 'தெரிவிக்கவும்' என்ற கட்டத்தில் குறி போட்டார். கட்டம் பெரியது. குறி அதன் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "நீ சாட்சி. இப்ப சொல்லு."

"நானா? அதுக்குன்னு ஆள் இருக்காங்க. தனி ரூம்ல, டிஷ்யூ பாக்ஸ் வெச்சு—"

"பதினாறு வருஷமா சோறு போட்டவ நீதான். நீயே சொல்லு."

ஒடெத் கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அர்மான். உங்களுக்கு லார்க்-2 மாறியிருக்கு. அது இருக்கற எல்லாருக்கும் நோய் வராது. ஆனா உங்களுக்கு வந்திருச்சுன்னு நான் நெனைக்கறேன். ரெண்டு வருஷமா நெனைக்கறேன். சொல்லாம இருந்ததுக்கு என்ன மன்னிச்சிருங்க."

அவர் அழுதார். மேசையில் இருந்தது கண்ணாடித் தகடு துடைக்கும் காகிதம்தான், கண்ணுக்கு ஆகாது, சுரசுரவென்று இருக்கும். அதையே எடுத்து நீட்டினாள். அவர் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ப்ரொஸ்பேர் மாமா குடிச்சதே இல்ல," என்றார். "அந்த மனுஷனப் பாத்து நாங்க அவ்வளவு சிரிச்சோம்."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை. "இன்னைக்கு அதுங்களுக்குச் சாப்பாடு ஆச்சா?"

"இன்னும் இல்ல."

"நானும் வரேன்."

செல் வளர்க்கும் அறைக்குள் அவர் வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கோட்டு மாட்டிக்கொள்ளச் சொன்னாள். பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள். கையுறையில் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டாள். இன்குபேட்டரிலிருந்து நார்மல் ஏழின் கிண்ணத்தை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். மேடைக்குப் போகும் படத்தை எடுக்கையில் மூளைச் செல்லுக்கு மட்டும் பச்சைச் சாயம் போட்டு, மற்றதெல்லாம் கறுப்பில் மறையும்படி செய்வது வழக்கம். இன்று சாயம் இல்லை. அவர் குனிந்து கண்ணை வைத்தார்.

இழைகள் இருந்தன. இழைகளுக்கு நடுவே, செல்களின் வயிற்றுக்குள்ளே, எங்கு பார்த்தாலும் மணிமணியாக அழுக்கு. கரைக்கப்படாமல் உப்பிக் கிடக்கும் பைகள்.

"எவ்வளவு குப்பை," என்றார். "இப்பத்தான் இப்படி ஆச்சா?"

"மொத நாள்லேருந்து இப்படித்தான். நீங்கதான் இத அழகுன்னு சொன்னீங்க."

அவர் நிமிரவில்லை. இடது கை மேசை ஓரத்தில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதை இந்தத் தடவை அவர் மறைக்கவில்லை.

"எதிர்க்கட்டடத்துல ஒரு மணிக்கு ஒரு டாக்டர் இருக்காங்க. நேத்தே கேட்டு வெச்சிருக்கேன்," என்றாள் ஒடெத். "பேர் சொல்லல. டோனர்னு மட்டும் சொல்லியிருக்கேன்."

"பேர சொல்லு," என்றார் அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "இங்க்ரித்துக்கும் நானே எழுதறேன். இல்ல, போன்ல சொல்றேன். எழுதினா அந்தம்மாவால படிக்க முடியாது."

ஒடெத் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்தாள். புதியதை, செல்கள் கலையாதபடி, ஓரமாகச் சாய்த்து மெதுவாக ஊற்றினாள்.